வல்லாரைக்குக் காவல் இருந்த அக்கா குயில்

அந்தக் காலத்தில் பறவைகளும் விலங்குகளும் நம்மைப் போலப் பேசிக்கொண்டிருந்தபோது, கொங்குச் சீமையில் ஒரு குளத்தங்கரை இலுப்பைத் தோப்பில் வேலாத்தாள் என்று ஒரு குயில் இருந்தாள். கோடை முற்றும்போது உச்சிக்கிளையில் மறைந்துகொண்டு கத்துகிறதே, அந்த அக்கா குயிலின் வம்சத்துக்கு இவள்தான் முதல் தாய். அன்றைக்கு அவளுக்கு அந்தப் பெயர் கிடையாது. கூடும் அவளே கட்டுவாள், நன்றாகவே கட்டுவாள்.

அவளுடைய பெருமையெல்லாம் நினைவாற்றல்தான். எந்த மரம் எப்போது பழுக்கும், போன வறட்சியில் எந்தக் குழியில் தண்ணீர் நின்றது என்று எதைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். தோப்பே அவளிடம் வந்து கேட்கும். அவளும் கழுத்தை நீட்டி, கேட்டவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லுவாள். அதில் அவளுக்கு அப்படி ஒரு சுகம்.

அதே தோப்பில் தவிட்டுக்குருவிகள் ஏழு பேர் இருந்தார்கள். ஏழும் உடன்பிறந்த பெண்கள். மூத்தவள் பெயர் பாவாத்தாள். அழுக்கு நிறம், ஓயாத வாய். வேலாத்தாள் அவர்களை ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை.

ஒரு கோடையில் கீரிப்பிள்ளை நாக்கு வறண்டு வந்து நின்றது. "அம்மிணி, அன்னைக்குப் பாறைச் சந்துல ஒரு சுனை இருந்துச்சே, அது எங்கீங்க?" என்று கேட்டது.

வேலாத்தாள் வாயைத் திறந்தாள். அந்த இடம் நினைவுக்கு வரவில்லை. கீழே சருகைக் கிளறிக்கொண்டிருந்த தவிட்டுக்குருவிகளில் கடைசிக்காரி, தலையைக்கூட நிமிர்த்தாமல், "கொன்றை மரத்துக்குப் பொறவால, ரெண்டாவது பாறைங்க" என்றாள். கீரி ஓடிப்போய்த் தண்ணீர் குடித்தது. மறுநாள் முயல் வந்தது. நேராகத் தவிட்டுக்குருவிகளிடம் போய்விட்டது.

வேலாத்தாளுக்கு வயிறு பற்றி எரிந்தது. ஒரு நாள் மறந்துபோவது யாருக்கும் நடப்பதுதான். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவளால் விட முடியவில்லை. குரைக்கிற மாதிரி பேசுகிற இந்தக் கூட்டத்துக்கு இவ்வளவு புத்தி எப்படி வந்தது? ஏதோ மருந்து தின்கிறார்கள், நம்மிடம் மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டு கீழே இறங்கினாள்.

"ஏனுங்கக்கா, அப்படி என்னதான் திங்கறீங்க?"

பாவாத்தாள் சிரித்துவிட்டாள். "ஒரு மண்ணும் இல்ல அம்மிணி. வெடிஞ்சா எந்திரிக்கிறோம். தோப்பு பூராவும் குதிச்சுக்கிட்டே திரியறோம். நேத்துப் பாக்காத சருக இன்னைக்குப் பொரட்டிப் பாக்கறோம். புழுவோ பழமோ, கெடைச்சதத் திங்கறோம். பேசறோம், சண்டை கட்டறோம். பொழுது எறங்குனா ஒரே கெளையில ஒட்டி உக்காந்து தூங்கிப்போடறோம். நீயும் வாயேன், ஒரு எடம் ஒதுக்குனாப் போச்சு."

பொறாமை பிடித்தவருக்கு உண்மையைச் சொல்லிப் பாருங்கள், அதைத்தான் முதலில் நம்பமாட்டார். வேலாத்தாளும் நம்பவில்லை. அந்த ஏழு பேரோடு தானும் மண்ணில் குதிப்பதா என்று வேறு அவளுக்குக் கூசியது.

அவள் ஒளிந்திருந்து பார்த்தாள். மாலையில் ஏழு பேரும் குளத்தோரம் வல்லாரை படர்ந்திருந்த இடத்தில் கொத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கொத்தியது இலைக்கு அடியில் இருந்த பூச்சியை. வேலாத்தாள் கண்ணுக்கு இலைதான் தெரிந்தது. "மாட்டிக்கிட்டீங்களாடி!" என்று பல்லைக் கடிக்க முடியாமல் அலகைக் கடித்தாள்.

மறுநாளே போய் வல்லாரைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாள். யார் வந்தாலும் சிறகை விரித்துத் துரத்தினாள். தின்றது அந்த இலை ஒன்றைத்தான். அசந்தால் திருடிவிடுவார்களே என்று இரவில் கண்ணை மூடவில்லை. நகர்ந்தால் இடம் போய்விடுமே என்று பறக்கவில்லை. எல்லோரும் திருடர்களாகத் தெரிந்ததால் யாரோடும் பேசவில்லை.

பாவாத்தாள் இரண்டு தடவை வந்து கூப்பிட்டாள். "அம்மிணி, மொகமெல்லாம் வத்திப் போச்சே. இதைய நீயே வெச்சுக்க, நாங்க தொடல. வந்து எங்ககூட ஒரு ராத்திரி படுத்துத் தூங்கு."

"என்னைத் தூங்க வெச்சுட்டுத் திங்கலாம்னு பாக்கறீங்களா?" என்று சீறினாள் வேலாத்தாள்.

தவிட்டுக்குருவிகள் வேறு பக்கம் பூச்சி தேடிப் போய்விட்டார்கள். அங்கிருந்தும் அவர்கள் சிரிப்புச் சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. அது ஒவ்வொரு நாளும் வேலாத்தாளைக் குத்தியது. இன்னும் கொஞ்சம் வல்லாரை தின்றாள்.

தூக்கமும் பேச்சும் இல்லாமல் இரண்டு மாதத்தில் அவளுக்கு மரங்களின் பெயர் மறந்தது. பிறகு பருவம் மறந்தது. முட்டையிடும் நாள் நெருங்கியதும் உடம்பு மட்டும் மறக்காமல் அவளை எழுப்பிவிட்டது. கூடு கட்ட ஒரு நார் எடுத்துக்கொண்டு பறந்தாள். பாதி வழியில், இந்த நார் எதற்கு என்று தெரியவில்லை. கீழே போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் போட்டாள். வயிற்றில் வலி கூடிக்கொண்டே வந்தது.

அப்போது ஒரு புதரில் கூடு தெரிந்தது. உள்ளே மூன்று நீல முட்டைகள். தன் முட்டையும் நீலம் என்பது மட்டும் எப்படியோ அவளுக்கு ஞாபகம் இருந்தது. 'நாம் கட்டினதுதான் போல' என்று நினைத்து, உள்ளே முட்டையிட்டுவிட்டு, வல்லாரையை யாராவது தின்றுவிடுவார்களோ என்ற பதற்றத்தில் குளத்துக்கு ஓடினாள்.

அது பாவாத்தாளின் கூடு. திரும்பி வந்த ஏழு பேரும் நாலாவது முட்டை யாருடையது என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டு நாள் முழுக்கச் சண்டை போட்டார்கள். கடைசியில், யாருதாயிருந்தா என்ன, நம்ம பிள்ளைதானே என்று அடைகாத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை வேலாத்தாளுக்குத் திடுக்கென்றது. முட்டை எங்கே? தோப்பையெல்லாம் சுற்றினாள். எந்தப் புதர் என்று தெரியவில்லை. வல்லாரையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று உச்சிக்கிளையில் ஏறி, வாழ்க்கையில் முதல்முறையாக உதவி கேட்டுக் கூப்பிட்டாள்: "அக்கா!"

"என்ன அம்மிணி?" என்று கீழிருந்து பாவாத்தாள் குரல் கொடுத்தாள்.

அதற்குள் என்ன கேட்க வந்தோம் என்பது அவளுக்கு மறந்துவிட்டது. பதற்றம் மட்டும் போகவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். அதற்கும் பதில் வந்தது. அவளிடம்தான் கேள்வி இல்லை.

அன்று முதல்தான் அக்கா குயில் கூடு கட்டுவதில்லை. தவிட்டுக்குருவிகள் ஏழெட்டுப் பேராகக் கூடித் திரிந்து, அவள் பிள்ளையையும் தங்கள் பிள்ளையாக ஊட்டி வளர்க்க, அவள் மட்டும் தூக்கம் கெட்டு, தனிக்கிளையில் உட்கார்ந்து, "அக்கா, அக்கா" என்று குரலை ஏற்றி ஏற்றி, எதற்கென்று தெரியாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள்.