மறுக்க முடியாத குறை

முதலில் வம்புக்கு வந்தவர் முனைவர் அருள்வேந்தன்தான். சிறுவர் கதை எழுதுகிறவர்கள் கூடித் தங்கி, ஒருவர் கதையை ஒருவர் அலசும் குற்றால முகாமுக்கு அவர்தான் ஆள் எடுத்தார். நேர்காணலில் லாரி டிரைவர் மாசானமுத்துவைப் பார்த்ததும், "அஞ்சாங்கிளாஸ் படிச்ச உமக்கு இங்க என்னவே வேலை?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

"இங்க ஒரே விதிதான். கதையை அலசும்போது எழுதினவர் வாய் திறக்கக் கூடாது. என் கதையில, நான் மறுக்க முடியாத ஒரு குறை சொல்லும். இடம் தாரேன்."

மாசானமுத்து வாங்கிப் படித்தார். "ஐயா, உங்க முயல் மூணு பக்கம் புத்தி சொல்லுது. பிள்ளைங்க ரெண்டாம் பக்கத்துலயே நரி கட்சிக்குப் போயிரும்."

முனைவர் துள்ளி எழுந்தார். "அது குறியீடுவே! உமக்கு என்ன..."

"எழுதினவர் வாய் திறக்கக் கூடாதுங்க ஐயா."

கூடமே குலுங்கிச் சிரித்தது. மாசானமுத்துவுக்கு இடம் கிடைத்தது. முனைவர் எல்லோர் முன்னாலும் அவரிடம் கேட்கவேண்டிய மன்னிப்பு மட்டும் இன்னும் பாக்கி.