ஆளுக்குப் பாதிப் பாடம்

காட்டோரக் குளம் ஒன்றில் மூழ்கன் என்ற முக்குளிப்பானும், அல்லி என்ற அதன் பெண்டாட்டியும் குடியிருந்தன. முக்குளிப்பானைப் பார்த்திருப்பீர்கள். வாத்தைவிடச் சின்னதாக, உருண்டையாக இருக்கும். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இங்கே முங்கி வேறெங்கோ தலை நீட்டும். இவை இரண்டுக்கும் குமிழி என்று ஒரே ஒரு பெண் குஞ்சு.

புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒத்துப்போகவில்லை. அல்லி ஏதாவது கேட்க வாயைத் திறந்தால் போதும், மூழ்கன் முங்கிவிடும். கேள்வி முடிவதற்குள் மறுகரையில் போய் மீன் பிடித்துக்கொண்டிருக்கும். அல்லியும் லேசுப்பட்டதல்ல. மூழ்கன் பாடுபட்டுக் கொண்டுவந்து கூட்டில் செருகும் பாசியை ஒவ்வொன்றாக உருவி, வேறு இடத்தில் செருகும். குஞ்சு பொரித்த பிறகும் அந்தக் கூடு கட்டி முடியவில்லை.

ஒருநாள் அல்லி சொன்னது, "இனிமே உங்ககூட என்னால குப்பை கொட்ட முடியாது."

"நீ சொல்றதை முதல் தடவையா ஒத்துக்கறேன்" என்றது மூழ்கன். அன்றைக்குப் பார்த்து முங்கவும் இல்லை.

விவகாரம் தவளையிடம் போனது. அந்தக் குளத்தில் எந்த வழக்குக்கும் தீர்ப்புச் சொல்வது தவளைதான். அதற்கு நியாயம் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை. குரல் பெரிது, அவ்வளவுதான்.

தவளை தொண்டையை உப்பிக்கொண்டு சொன்னது: "ரெண்டு பேரும் பிரிஞ்சு போகலாம். கூடு அல்லிக்கு. கோரைப்புல் ஓரம் மூழ்கனுக்கு. பிள்ளையை எப்படிப் பிரிக்கறது? நடுக்குளத்துல பட்டுப்போன பனை நிக்குதே, அதோட நிழல் மேற்கே விழுந்துட்டிருக்கற வரைக்கும் பிள்ளை அம்மாகிட்ட. கிழக்கே விழ ஆரம்பிச்சா அப்பாகிட்ட. இருட்டினதும் கூட்டுக்கு வந்துடணும்."

அக்கம்பக்கத்து நீர்க்கோழிகள் எல்லாம் தலையை ஆட்டின. நல்ல தீர்ப்புதான். ஆனால் உச்சிவேளையில் நிழல் எந்தப் பக்கமும் விழாது என்பது தவளைக்குத் தோன்றவில்லை. தீர்ப்புச் சொல்கிற அவசரத்தில் அது வானத்தைப் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில் கரையிலிருந்த மருதமரத்துக்கு ஒரு பருந்து குடிவந்தது. குமிழியோ வளர்ந்துவிட்டது. அதை முதுகில் ஏற்றிக்கொண்டு சுற்றும் காலம் போய்விட்டது. முங்கத் தெரியாத முக்குளிப்பான் குஞ்சு, பருந்துக்கு இலை போட்டுப் பரிமாறிய சோறு. சீக்கிரம் முங்கக் கற்றுக்கொண்டால்தான் குமிழிக்கு உயிர் தங்கும். இது அம்மாவுக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். இரண்டும் தனித்தனியாகப் பாடம் தொடங்கின.

காலையில் அல்லி சொல்லிக்கொடுத்தது. "முதல்ல இறகை ஒடுக்கு. உள்ளே இருக்கற காத்தெல்லாம் வெளியே போகட்டும். காத்தோட முங்கினா தண்ணி மேலே தள்ளிடும்."

குமிழி இறகை ஒடுக்கியது. உடம்பு கழுத்து வரை தண்ணீருக்குள் இறங்கியது. தலை மட்டும் வெளியே நின்றது.

"அடுத்தது என்னம்மா?"

அல்லி பனையைப் பார்த்தது. "உங்கப்பா நேரம் வந்துடுச்சு. மிச்சம் நாளைக்கு."

மத்தியானம் மூழ்கனுக்கு முன்னால் குமிழி காலைப் பாடத்தைச் செய்து காட்டியது.

"இதென்ன மரக்கட்டை மாதிரி? உங்கம்மா சொன்னதா? அதெல்லாம் மறந்துடு. தலையைக் குத்தி, காலால ஒரு உதை விடு. அவ்வளவுதான் வித்தை."

குமிழி தலையைக் குத்தி உதைத்தது. இறகெல்லாம் காற்று. தலை உள்ளே போக, பின்பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. நீர்க்கோழிகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மறுநாள் அல்லி அதைப் பார்த்தது. "யார் சொல்லிக்கொடுத்த கூத்து இது? உங்கப்பாவுக்கு எப்பவும் தலையை மறைச்சுக்கத்தான் தெரியும். மறந்துடு அதை."

குமிழி நல்ல பிள்ளை. அம்மா சொன்னதை அப்பாவுக்காக மறந்தது. அப்பா சொன்னதை அம்மாவுக்காக மறந்தது. ஒருவர் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டால் இன்னொருவருக்கு வலிக்குமே என்று அதற்குப் பயம். இரண்டு வீட்டிலும் கலியாணம், இடையிலே செத்ததாம் நாய்க்குட்டி என்பார்கள். இரண்டு ஆசிரியர் இருந்தும் அந்தக் குஞ்சுக்கு ஒன்றும் தெரியாமல் போனது. பாவம், அதை யாரிடம் போய்ச் சொல்லும்?

ஒருநாள் உச்சிவேளை. பனையின் நிழல் அதன் காலடியில் சுருண்டு கிடந்தது. அல்லி குமிழியைப் பனையடியில் விட்டுவிட்டுக் கூட்டை நோக்கித் திரும்பியது.

"நிழல் மேற்கே இல்லை. என் நேரம் முடிஞ்சுது" என்றது, யாரையும் பார்க்காமல்.

கோரைப்புல் ஓரத்திலிருந்து மூழ்கன் சொன்னது, "கிழக்கேயும் விழலையே. இப்ப வந்தா தீர்ப்பை மீறினதா ஆயிடும்."

"குமிழி, உங்கப்பாகிட்ட, ரெண்டடி முன்னால வந்தா குறைஞ்சு போயிடமாட்டார்னு சொல்லு."

"குமிழி, உங்கம்மாகிட்ட, ரெண்டடி கூட வந்து விட்டா தேஞ்சு போயிடமாட்டாள்னு சொல்லு."

குமிழி நடுக்குளத்தில் தனியாக மிதந்தது. அது யாருடைய நேரமும் இல்லை.

உச்சிவேளையில் குஞ்சு இப்படித் தனியாக நிற்பதை மருதமரத்திலிருந்து மூன்று நாளாகப் பருந்து கவனித்து வந்தது. தவளையின் தீர்ப்பை அந்தக் குளத்தில் ஒழுங்காகப் படித்திருந்தது அது ஒன்றுதான். சிறகை மடக்கிக்கொண்டு நேராகக் கீழே பாய்ந்தது.

அம்மாவும் அப்பாவும் ஒரே நேரத்தில் பார்த்தன. இரண்டுமே தூரத்தில் இருந்தன. நீந்திப் போய்ச் சேர நேரமில்லை.

"இறகை ஒடுக்கு!" என்று அலறியது அல்லி.

"தலையைக் குத்தி உதை!" என்று அலறியது மூழ்கன்.

குமிழி இறகை ஒடுக்கியது, தலையைக் குத்தியது, உதைத்தது. பருந்தின் காலில் ஒரு பிடி தண்ணீர்தான் அகப்பட்டது. அதையும் சிந்திவிட்டு அது மரத்துக்குத் திரும்பிப் போனது.

அல்லியும் மூழ்கனும் பனையடிக்கு வந்து சேர்ந்தன. நிழல் எந்தப் பக்கம் என்று யாரும் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றன. தண்ணீருக்கு மேலே காத்திருப்பது எப்படி இருக்கும் என்று மூழ்கனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தாமரை இலைகளுக்கு நடுவே குமிழி தலை நீட்டியது.

அல்லி அழுதுகொண்டே அதன் தலையைக் கோதியது. உயிர் திரும்பி வந்ததும் பழைய புத்தியும் கூடவே வந்துவிட்டது. "யார் சொன்னதைக் கேட்டுத் தப்பிச்சே கண்ணு?" என்று கேட்டது.

"ஆமா, யார் சொன்னதை?" என்றது மூழ்கன்.

குமிழி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது. "ரெண்டு பேரும் சேர்ந்து எனக்குச் சொன்னது இன்னிக்குத்தானே. அதனால எதையும் மறக்க வேண்டியிருக்கலை" என்றது.

இரண்டும் தலையைக் குனிந்துகொண்டன.

தவளை தாவி வந்தது. "பார்த்தீங்களா, பிள்ளை சேர்த்து வெச்சுடுச்சு. மறுபடி மாலை மாத்திடலாமா?"

"வேண்டாம்" என்றன இரண்டும், ஒரே குரலில். ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போனதில் நீர்க்கோழிகளுக்கு மகிழ்ச்சி.

அவை பிரிந்தேதான் வாழ்ந்தன. ஆனால் மறுநாளிலிருந்து உச்சிவேளையில் இரண்டும் பனையடிக்கு வந்தன. காலையில் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று அல்லி சொல்லும். அது சொல்லி முடிக்கும் வரை மூழ்கன் முங்காமல் நிற்கும். மூழ்கன் சொல்லிக்கொடுத்ததை அல்லி திருத்தாமல் விட்டுவிடும். எல்லா நாளும் அதற்கு முடிந்தது என்று சொல்லமாட்டேன், ஆனால் பெரும்பாலும் விட்டுவிடும்.

கணவனும் மனைவியும் பிரிந்து போகலாம். ஆனால் ஒருவர் கொடுத்ததை மற்றவர் பிடுங்கிக்கொண்டே இருந்தால், வெறுங்கையோடு நிற்பது பிள்ளைதான்.