தூத்துக்குடி டு சென்னை, மோத்தா கடை வழியாக

தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் மட்டும் வேண்டும் என்பவர்கள் பெரிய கடைகளுக்குப் போவார்கள். கம்ப்யூட்டரும் வேண்டும், பொழுதும் போகவேண்டும் என்பவர்கள் லூர்து மோத்தாவின் கடைக்கு வருவார்கள். மோத்தா கழற்றி மாட்டாத மெஷின் கிடையாது. அவர் அவிழ்த்துவிடாத புளுகும் கிடையாது.

செலின் இந்த இரண்டு கூட்டத்திலும் சேராதவள். அவள் பயந்துபோய் வந்தவள்.

அவள் கணவன் கிளமென்ட் மஸ்கட்டில் இருக்கிறான். மகள் மிரியம் பிறந்து, தவழ்ந்து, இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் தொடங்கிவிட்டாள். அப்பாவைப் போனில்தான் பார்த்திருக்கிறாள். அப்பா என்றால் நக்கிப் பார்க்கிற ஒரு கண்ணாடி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். விசா வந்து, போன மாதம் தெருவே வேன் பிடித்துத் திருவனந்தபுரம் வரை வழியனுப்பப் போனது. உள்ளே போன செலின், கண்ணாடி வழியாக ஒரு விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே எழும்புவதைப் பார்த்தாள். அவ்வளவுதான். வழியனுப்பிவிட்டுத் திரும்பிய வேன் டீ குடிக்க நின்ற இடத்தில், பிள்ளையும் பெட்டியுமாக ஆட்டோவில் வந்து இறங்கி, பேசாமல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

கிளமென்ட் கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "பயம் தெளியட்டும் செலின், அப்புறம் டிக்கெட் போடலாம்" என்று மெல்லச் சொன்னான். விசா முடியப்போகிறது என்பதை இரண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

வீட்டிலேயே கம்ப்யூட்டர் ஆட்டத்தில் விமானம் ஓட்டிப் பழகினால் பயம் தெளியும் என்று யாரோ சொன்னார்கள். பக்கத்து வீட்டு லேப்டாப்பில் முயன்று பார்த்தாள். விமானம் கிளம்பியது முதல் விக்கிக்கொண்டே போய், மதுரைக்கு மேலே ஆகாயத்தில் அப்படியே நின்றுவிட்டது. நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. இருந்த பயம் இரட்டித்ததுதான் மிச்சம்.

ஆகவே மோத்தாவிடம் அவள் கேட்டது ஒன்றுதான். "நடுவானத்துல நிக்காத விமானம் ஓடுற கம்ப்யூட்டர் வேணும் அண்ணாச்சி."

கூட வந்த நாத்தனார் பிலோமி, குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, "நல்லா விசாரிச்சு வாங்குட்டி" என்றாள். மூலையில் ஆரோக்கியம் சார், பிரிண்டரைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். யார் எதைச் சொன்னாலும் சரிபார்த்துத்தான் நம்புவார்.

"தங்கச்சி, உட்காரு" என்றார் மோத்தா. "இந்த ஆட்டத்துக்கு எல்லாரும் கிராபிக்ஸ் கார்டு கார்டுன்னு அலையுதாவ. கார்டு படம் வரையும், அவ்வளவுதான். காத்து எங்கருந்து அடிக்கி, இறக்கை எவ்வளவு சாயுது, கீழ எத்தனை வீடு இருக்குன்னு கணக்குப் போடுறது ப்ராசஸர். அது சோம்பேறியா இருந்தா எம்மாம்பெரிய கார்டு போட்டாலும் விக்கத்தான் செய்யும். அதனால நல்ல ப்ராசஸர், நடுத்தரமா ஒரு கார்டு, ரேம் முப்பத்திரண்டு. போதும்."

"இதுவரைக்கும் உண்மை" என்றார் ஆரோக்கியம் சார். "இனிமேதான் இருக்கு."

மோத்தா கடையில் ஒரு வழக்கம் உண்டு. அதற்கு 'ஓட்டம்' என்று பெயர். புது மெஷினைச் சேர்த்துப் பூட்டியதும் உடனே பெட்டியில் போட மாட்டார். வாங்குகிறவர்களே உட்கார்ந்து திரையில், ஊருக்குப் பக்கத்து வாகைக்குளம் ஏர்போர்ட்டில் விமானத்தைக் கிளப்பி, சென்னையில் இறக்கிக் காட்டவேண்டும். நிஜ விமானத்துக்கு ஆகிற நேரம் இதற்கும் ஆகும். அவ்வளவு நேரம் மெஷின் திணறாமல் ஓடுகிறதா என்று சோதனை. அதுவரை மோத்தாவின் வாய் திணறாமல் ஓடும்.

மோத்தா பூட்டிய மெஷின் முன்னால் உட்கார்ந்து, செலின் சிலுவை போட்டுக்கொண்டு ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தாள். ஓடுபாதை பின்னால் ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு ஜாய்ஸ்டிக்கை இழுத்தாள். திறந்தபோது உப்பளங்கள் எல்லாம் கீழே வெள்ளை வெள்ளைக் கட்டங்களாகக் கிடந்தன. விக்கவில்லை.

"உப்பளம் தெரியுதா?" என்றார் மோத்தா. "அதுல மூணாவது பாத்திக்காரரு என்கிட்ட ஒரு மெஷின் வாங்கினாரு. கார்டு சூடுன்னா அப்படி ஒரு சூடு. ஐப்பசி மழையில ஊரே உப்பு காய்ச்ச முடியாம உக்காந்திருக்கு. இவரு மெஷினைப் பாத்தி வரப்புல வச்சு, லண்டன்ல இருந்து விமானத்தைக் கிளப்பினாரு. அது பம்பாய்ல இறங்குததுக்குள்ள பாத்தி பூரா உப்பு பூத்துட்டு."

"மழையிலயா?" என்றார் ஆரோக்கியம் சார்.

"மழைத்தண்ணி கீழ விழுந்தால்லா சார்? பாதி வழியிலயே ஆவியாயிரும்."

பிலோமி உதட்டைப் பிதுக்கினாள். "அவ்வளவு சூடுன்னா அந்தக் கம்ப்யூட்டரு உருகலையா?"

"நல்ல கேள்வி மைனி. அதுக்குத்தான் ஃபேன் மாட்டினேன். ஒண்ணு இல்ல, பக்கத்துக்கு ரெண்டு. அங்கதான் தப்பு பண்ணிட்டேன். சுவிட்சைப் போட்டதும் கேபினெட் மேசையை விட்டு எழும்பிட்டு. வயர் இழுத்துப் பிடிக்கவும் உத்தரத்துக்குக் கீழ நின்னு வட்டம் போடுது. கடைசில திரேஸ்புரம் மீன்படகுக்காரங்ககிட்ட சொல்லி ஒரு நங்கூரம் வாங்கிட்டு வந்து கட்டிப்போட்டோம். இன்னைக்கும் அந்த வீட்டுல சீலிங் ஃபேன் கிடையாது. வேண்டியதில்லை."

செலினுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டுத்தான் பார்த்தாள், விமானம் மதுரைக்கு மேலே வந்திருந்தது. போன தடவை நின்ற இடம். ஜாய்ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்தாள். விமானம் நிற்கவில்லை. மதுரை வழுக்கிக்கொண்டு பின்னால் போனது.

"வேகம் போதுமா அண்ணாச்சி இதுக்கு?" என்று கேட்டாள். பேச்சு நிற்காமல் இருந்தால் தேவலை என்று இருந்தது.

"இது போதும். கூடக் கேட்காத. ஒரு ஐயா, பேரு சொல்ல மாட்டேன், சந்தையில இருக்கிறதுலேயே வேகமான ப்ராசஸர்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. போட்டுக் குடுத்தேன். மனுசன் திங்கக்கிழமை காலையில விமானத்தைக் கிளப்பினாரு. ஞாயித்துக்கிழமை இறங்கிட்டாரு."

"ஆறு நாளாவா ஓட்டினாரு?" என்றார் சார்.

"எங்க சார்! முந்தின நாள் ஞாயிறு. கிளம்புததுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாரு. பாவம், ஒரே ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டு தடவை பூசைக்குப் போகவேண்டியதாப் போச்சு. சாமியாரு ரெண்டாம் தடவையும் அதே பிரசங்கம்."

"ரெண்டு தடவை காணிக்கை போட்டாரா?" பிலோமி விடவில்லை.

"அங்கதான் மைனி அவரு கெட்டிக்காரரு. மொத தடவை போட்ட காணிக்கை திரும்பப் பையிலயே இருந்துச்சுன்னு சத்தியம் பண்ணுதாரு."

ஆரோக்கியம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொய் என்று தெரியும். எந்த வரியில் தப்பு என்று விரல் வைக்கத்தான் முடியவில்லை.

"ரேம் கதை தெரியுமா சார் உங்களுக்கு?" மோத்தாவுக்குச் சூடு பிடித்துவிட்டது. "ஒரு டாக்டரு வீட்டம்மாவுக்கு நூத்தி இருவத்தெட்டு போட்டேன். ரேம்னா மெஷினோட ஞாபகசக்தி. அவ்வளவு ஞாபகத்தை வச்சுக்கிட்டு அது என்ன செய்யும்? விமானம் ஓட்டின நேரம் போக, வீட்டுல உள்ளவங்க விஷயத்தை எல்லாம் ஞாபகம் வச்சுக்கிட ஆரம்பிச்சிட்டு. சின்னப் பிள்ளையில கோயில்ல புதுநன்மை வாங்கின அன்னைக்குச் சாமியாரு சொல்லச் சொன்ன ஜெபத்தை டாக்டரு இன்னும் சொல்லி முடிக்கலைன்னு ஸ்கிரீன்ல எழுதிக் காட்டிட்டு. அந்த மனுசன் இப்போ ஆஸ்பத்திரிக்குப் போற வழியெல்லாம் ஜெபமாலை உருட்டுதாரு. ஜனங்க, ஆகா நம்ம டாக்டருக்கு என்ன பக்தின்னு சொல்லுதாவ."

அந்த நேரத்தில் திரை வெளுத்தது.

மேகம். ஜன்னல் பூராவும் மேகம். விமானம் ஒரு பக்கம் சரிந்து, தூக்கிப் போட்டது. ஸ்பீக்கரில் எதுவோ தடதடவென்றது.

"நிஜ விமானமும் இப்படித்தான் குலுங்குமா அண்ணாச்சி?"

திரும்பிப் பார்த்தாள். மோத்தா திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒழுங்காக இருந்த கேபிள்களை மறுபடி ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி?"

"எனக்கு எப்படித் தெரியும் தங்கச்சி? நான் சென்னைக்கு ரயில்ல போற ஆளு." கொஞ்சம் நிறுத்தி, "இந்த மேகம் வந்தா நான் பாக்கமாட்டேன். டீ குடிக்கப் போயிருவேன். இன்னைக்குப் பேச்சுல மறந்துட்டேன்" என்றார்.

"அடப்பாவி மனுசா!" என்றாள் பிலோமி. "ஏட்டி, எழும்பு. கம்ப்யூட்டரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பிள்ளையை அப்பன் ஊருக்கு வரும்போது பாத்துக்கிடுவான்."

அத்தையின் சத்தத்தில் மிரியம் வீறிட்டாள். ஸ்பீக்கர் தடதடப்பு அமுங்கிப் போகிற அளவுக்கு வீறிட்டாள்.

செலினின் கை ஜாய்ஸ்டிக்கை விட்டுவிடப் பார்த்தது. எழுந்தால், இன்னொரு வேன் கிடையாது. இன்னொரு விசாவும் உடனே கிடையாது. மகள் இன்னும் எத்தனை காலம் அப்பாவை நக்கிக்கொண்டிருப்பாள்?

"அழட்டும் மைனி, விடுங்க" என்றாள். "இதெல்லாம் ஒரு அழுகையா? அண்ணாச்சி, நீங்க ஸ்பீக்கரைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே. நான் சொல்லுதேன் கேளுங்க. போன வாரம் இவளுக்குப் பல்லு முளைக்கிற நோவு. மொட்டை மாடியில வச்சுக்கிட்டு நின்னேன். ஒரு அழுகை அழுதா. துறைமுகத்துல கப்பல்காரன் சங்கு ஊதிட்டாங்கன்னு நினைச்சு நங்கூரத்தைத் தூக்கிட்டான்."

மோத்தா கேபிளை விட்டுவிட்டுத் திரும்பினார்.

"எந்தக் கப்பல்?" என்றார் ஆரோக்கியம் சார், பழக்கதோஷத்தில்.

"கொழும்புக்கு வெங்காயம் ஏத்தின கப்பல் சார். பாதி ஏத்தினபடியே கிளம்பிட்டான். மீதி வெங்காயம் கரையில. அழுகை எட்டின தூரம் வரைக்கும் எல்லாருக்கும் கண்ணுல தண்ணி. வெங்காயம் உரிக்கவே இல்லை, பாத்துக்கிடுங்க." விமானம் தூக்கிப் போட்டது. செலின் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக்கினாள். "கலெக்டர் ஆபீஸ்ல இருந்து ஆளு வந்துட்டாங்க. புயல் எச்சரிக்கைக்கு இனிமே சைரன் வேண்டாம், உங்க பிள்ளையை மாசச் சம்பளத்துக்கு அனுப்புவீங்களான்னு. நான் முடியாதுன்னுட்டேன். இவ மஸ்கட்டுக்குப் போகணும், அங்க இவ அப்பா இருக்காரு, அவரு காது இன்னும் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டேன்."

பிலோமி சிரித்ததில் குழந்தை குலுங்கியது. அழுதுகொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தி, அத்தையின் வாயையே பார்த்தாள்.

"மேகமும் அப்படித்தான்" என்று செலின் விடாமல் சொன்னாள். "இவ அழுதா நிக்காது. விலகி வழி விட்டுரும்."

மேகம் அதற்கென்று காத்திருந்ததுபோல் கிழிந்தது. கீழே சென்னை, வீடு வீடாக, ஒட்டிக்கொண்டு கிடந்தது. தூரத்தில் ஓடுபாதை ஒரு கீற்றுபோல் தெரிந்தது. சக்கரம் ஒருமுறை தொட்டுத் துள்ளியது, மறுபடி தொட்டுத் துள்ளியது. செலின் பிரேக்கை அழுத்திப் பிடித்தாள். விமானம் கொஞ்சம் கோணலாக, ஆனால் முழுசாக, நின்றது.

ஆரோக்கியம் சார் கை தட்டினார். அவர் யாருக்கும் கை தட்டி யாரும் பார்த்ததில்லை.

செலின் போனை எடுத்து, கடை வாசலுக்குக்கூடப் போகாமல், அங்கேயே நின்று கிளமென்டை அழைத்தாள். "டிக்கெட் போட்டிருங்க."

மறுமுனையில் அவன் என்ன கேட்டான் என்பது அவள் பதிலிலேயே தெரிந்தது.

"பயமா? இருக்கத்தான் செய்யுது. இருந்துட்டுப் போகட்டும், அதுக்கு நான் தனி டிக்கெட்டா எடுக்கப்போறேன்? ஜன்னல் சீட்டு பாத்துப் போடுங்க. என்னது? கம்ப்யூட்டரா? அது இனிமே எதுக்கு?"

மோத்தா அதற்குள் அட்டைப்பெட்டியை விரித்து, தெர்மோகோலை அடுக்கி, டேப்பையும் கிழித்து வைத்திருந்தார். கையில் ஒட்டிய டேப்போடு அப்படியே நின்றார். பெட்டியைப் பார்த்தார், செலினைப் பார்த்தார். முகம் கொஞ்ச நேரம் தொங்கியது. பிறகு பழையபடி நிமிர்ந்தது.

"பாத்தீங்களா சார்?" என்றார். "மெஷின்னா இது மெஷின்! உலகத்துல எந்தக் கம்பெனிக்காரனாலயாவது முடியுமா? வாங்குததுக்கு முன்னாடியே வேலையை முடிச்சிட்டு!"

ஆரோக்கியம் சார் மறுக்க வாயைத் திறந்தார். யோசித்துப் பார்த்து, "இதுவும் உண்மைதான்" என்றார்.

பிலோமிதான் குழந்தையை அம்மாவிடம் நீட்டிவிட்டு, காலியான நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரருக்கு ஊசின்னா பயம். அதுக்கு ஏதாவது கம்ப்யூட்டரு வச்சிருக்கீங்களா? வாங்க மாட்டோம். சும்மா ஓட்டிப் பாத்துட்டுப் போவோம்."