அரசர் மேனியில் பூத்த தாமரை

பெரியவர்களே, பிள்ளைகளே, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஆறுகளுக்கு இன்னும் பெயர் வைக்காத காலத்தில் நெடுங்கரை என்றொரு நாடு இருந்தது. அதை மாறவேள் என்ற அரசர் ஆண்டுவந்தார்.

அவரிடம் ஒரு சிவப்புப் பட்டு மேலாடை இருந்தது. அதைப் போர்த்திக்கொண்டு போன போரில் அவர் ஜெயித்துவிட்டார். அன்று முதல் அதைத் துவைக்கக் கொடுக்கவில்லை. தண்ணீர் பட்டால் வெற்றி கரைந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள், அரசரும் நம்பினார்.

அரண்மனைத் துணிகளை வெளுத்தவள் செம்பாயி. அழுக்கை எடுக்கும் உவர்மண் போட்டு வேகவைத்து, ஆற்றில் அலசி, உச்சி வெயிலில் மணல்மேல் விரிப்பாள். அவளுடைய கைகளிலும் உதட்டைச் சுற்றியும் தோல் நிறமிழந்து பால்போல் வெளுத்திருந்தது. இருபது வயதில் ஒரு புள்ளியாகத் தொடங்கியது; ஆண்டுக்குக் கொஞ்சம் விரிந்தது. வலியில்லை, அரிப்பில்லை.

மாசியில் அந்தப் பட்டைத் துவைக்கக் கேட்டாள். அரசர் தரவில்லை. சித்திரையில் கேட்டாள். தரவில்லை. ஆடியில் கேட்டபோது, "இந்தப் பெண்ணுக்கு வெற்றியின் அருமை தெரியாது" என்று அமைச்சர் பெருந்திண்ணன் கடிந்துகொண்டார்.

அந்தக் கோடையிலேயே அரசரின் இடுப்பில் ஒரு வட்டம் வந்திருந்தது. ஓரம் சிவந்து தடித்திருந்தது, நடு வெளிறியிருந்தது. பிறகு அக்குளில் ஒன்று, முதுகில் ஒன்று. அரிப்போ சொல்லி மாளாது.

அரண்மனை வைத்தியர் திருமேனியார் வந்து பார்த்தார். பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது: படர்தாமரை. வியர்வையிலும் அழுக்குத் துணியிலும் வளர்ந்து, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டுகிற தோல் படை. ஆனால் அரசர் உடம்பில் அழுக்கு என்று சொல்ல எந்த வைத்தியருக்குத் தைரியம் வரும்?

"அரசே, தங்கள் மேனியில் தாமரை பூத்திருக்கிறது. திருமகள் குடியேற இடம் பார்க்கிறாள்" என்றார்.

அரசர் சொறிந்துகொண்டே புன்னகைத்தார்.

செய்தி பரவியது. புலவர்கள் மூவர் தாமரைமேல் நூறு நூறு பாட்டுப் பாடினார்கள். அரசர் மகிழ்ந்து, தமக்குப் பிடித்தவர்களுக்கெல்லாம் அந்தப் பட்டை ஒரு நாள் போர்த்திக்கொள்ளக் கொடுத்தார். அமைச்சர் போர்த்தினார், சேனாதிபதி போர்த்தினார், புலவர்களும் போர்த்தினார்கள். ஒரு மாதத்தில் சபை முழுவதும் தாமரை பூத்தது. யாருக்குப் பெரிய வட்டம் என்பதில் பொறாமைகூட வந்தது.

ஆனால் அரிப்பு என்னவோ அரிப்புதானே. சபையில் அது தாமரை; வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினால் அது சனியன். இந்தச் சனியனுக்கு ஒரு காரணம் வேண்டும். பெருந்திண்ணன் கண்டுபிடித்தார்.

"அரசே, தாமரை திருமகள் தந்தது. அரிப்பு மட்டும் செம்பாயி தந்தது. அவள் கையைப் பாருங்கள். அந்தக் கை தொட்ட துணியைத்தானே எல்லோரும் உடுத்துகிறோம்?"

வைத்தியரைக் கேட்டார்கள். அவர் தரையைப் பார்த்துத் தலையாட்டினார். அன்றே செம்பாயி, அவள் கணவன், மூன்று பிள்ளைகள் எல்லோரையும் எல்லைக்கு அப்பால் அனுப்பினார்கள். போகிற வழியில் கடைசிப் பிள்ளை தண்ணீர் கேட்டது. கிணற்றடியில் நின்றவர்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள்.

புதிதாக வந்த வேலைக்காரர்கள் துணிகளை வேகவைக்கவில்லை. பன்னீர் தெளித்து, ஈரத்தோடு மடித்து வைத்தார்கள். துணி மணத்தது. அரிப்பு இரண்டு மடங்கானது.

ஒரு நாள் அரசர் தம் கைக்குழந்தையை அந்தப் பட்டில் சுற்றிக் கொஞ்சினார். பத்தாம் நாள் குழந்தையின் கழுத்தில் வட்டம் வந்தது. குழந்தைக்குத் தாமரை என்றால் என்ன தெரியும்? அது சொறியத் தெரியாமல் வீறிட்டு அழுதது. பால் குடிக்கவில்லை.

அரசி நறுங்கொடி யாரிடமும் சொல்லாமல் குழந்தையோடு பல்லக்கு ஏறி எல்லையைத் தாண்டினாள். செம்பாயி ஆற்றங்கரையில் துணி விரித்துக்கொண்டிருந்தாள்.

"உன் கணவருக்கு இந்த வெள்ளை வந்ததா?" என்று கேட்டாள் அரசி.

"பதினெட்டு வருஷமா ஒரே பாய்லதான் படுக்கிறோம், தாயே. வரலை."

"பிள்ளைகளுக்கு?"

"மூணு பேருக்கும் நான்தான் பால் கொடுத்தேன். நீங்களே பாருங்க."

அரசி பார்த்தாள். மூன்று பிள்ளைகளின் தோலிலும் ஒரு புள்ளி இல்லை.

"உனக்கு இது வலிக்காதா?"

"இது வலிக்காது, தாயே. பார்க்கிறவங்க பார்வைதான் வலிக்கும்."

அரசி தன் குழந்தையை அவளிடம் நீட்டினாள். செம்பாயி தயங்கித்தான் வாங்கினாள். அவளை நம்பி ஒருவர் பிள்ளையைக் கொடுத்துப் பல நாளாகியிருந்தது.

மறுநாள் அரசி அவளைச் சபைக்கே அழைத்து வந்தாள். எல்லோரும் இருக்கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.

"அரசே, என்னால அரிப்பு வந்துச்சுன்னா எந்தத் தண்டனையும் கொடுங்க" என்றாள் செம்பாயி. "அதுக்கு முன்னாடி ஒண்ணு. இங்க ரெண்டு துணி இருக்கு. இது உங்க பட்டு. இது நான் உடுத்துன சேலை. இந்தப் பெரியவங்க ஆளுக்கு ஒண்ணை எடுத்துப் பதினைஞ்சு நாள் போர்த்தட்டும். எதை எடுக்கிறதுன்னு அவங்களே முடிவு பண்ணட்டும்."

அரசர் சொன்னார்: "சரி. முதலில் வைத்தியர் எடுக்கட்டும்."

திருமேனியார் பட்டைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், சேலையை எடுத்தார். ஒரு முனையைக் கிழித்துக்கொண்டு சேனாதிபதியிடம் கொடுத்தார். அவரும் கிழித்துக்கொண்டார். புலவர்கள் மூவரும் ஆளுக்கொரு முழம் கேட்டார்கள். கடைசியில் பெருந்திண்ணன் கைக்கு ஒரு சாண் துணிதான் மிஞ்சியது. அதையும் அவர் விடவில்லை. பட்டு தொடுவாரில்லாமல் கிடந்தது.

அரசர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

"அப்படியென்றால் உங்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது" என்றார் மெதுவாக.

ஒருவர் மட்டும் சொறிந்தார்.

அன்றே பட்டு வெந்நீர் கண்டது. அரண்மனைத் துணிகள் எல்லாம் வெந்து, வெயிலில் காய்ந்தன. ஒருவர் துணியை இன்னொருவர் தொடக்கூடாது, குளித்தால் ஈரம் போகத் துடைக்க வேண்டும் என்று முரசறைந்தார்கள். திருமேனியார் பூவரசங்காயை அரைத்துத் தம் கையாலேயே வீடு வீடாகப் பூசினார். அதுதான் அவருக்குத் தண்டனை. குழந்தையின் கழுத்து இரண்டு மாதத்தில் தெளிந்தது. அரசருக்கு ஆறு மாதம் பிடித்தது.

செம்பாயியின் வெள்ளை போகவில்லை. அது போக வேண்டுமென்று அவளும் காத்திருக்கவில்லை. தன்னைப்போல் வெள்ளைப் புள்ளி இருந்ததற்காக நாட்டைவிட்டுத் துரத்தப்பட்ட இன்னும் ஏழு பேரையும் திரும்ப அழைத்தால்தான் வேலைக்கு வருவேன் என்றாள். அரசர் ஆள் அனுப்பினார். ஏழு பேரும் வந்தார்கள். அன்று மாலை கிணற்றடியில் அரசி தன் கையால் இறைத்து, செம்பாயியின் கடைசிப் பிள்ளைக்கு முதலில் தண்ணீர் ஊற்றினாள்.

ஆகவே கேட்டவர்களே, நோயைப் புகழ்ந்து மறைப்பவன் ஊரையே நோயாக்குவான். நிறத்தைப் பார்த்து மனிதரை விலக்குபவன் தனக்கு உதவும் கையைத் தானே வெட்டிக்கொள்வான்.