குனியாமல் பரிமாறியவர்

எங்கள் திருச்சபைச் செயலாளர் தேவாசீருக்குத் தாழ்மை என்றால் உயிர். அதைப் பற்றி மேடை போட்டு ஒரு மணி நேரம் பேசுவார். இந்த வருஷம் கோயில் அசன விருந்தில் உப்பளத்து ஏழைகளுக்குத் தன் கையாலேயே சோறு பரிமாறப் போவதாகவும் அறிவித்துவிட்டார்.

பந்தியோ தரையில். சமையல்காரி ஞானப்பூவைக் கூப்பிட்டார்.

"ஏளா, உப்பளத்துக்காரன் முன்னால எல்லாம் நான் குனிய முடியாது. குனியாம பரிமாற வழி பண்ணு. இல்லன்னா நாளைக்கு உனக்கு வேலை கிடையாது."

"அதுக்கென்ன ஐயா, பண்ணிருவோம்."

சோற்று வாளியோடு வந்தவர் அப்படியே நின்றார். அவர் பேசுகிற மேடையின் விளிம்பு நெடுக இலை போட்டு, உப்பளத்து ஆட்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இலைகள் அவர் நெஞ்சு உயரத்துக்கு இருந்தன. முகம் பார்க்க அவர்தான் அண்ணாந்து பார்க்கணும்.

"என் மேடையில இவங்களையா ஏத்தின?"

"நீங்க குனியலன்னா அவுங்கதான ஐயா மேல ஏறணும்?"

சனம் சிரித்தது. சொன்னபடி செய்தவளை வேலையை விட்டு எப்படி எடுப்பது? வாளியைக் கீழே வைத்துவிட்டாவது போயிருக்கலாம். அதற்கும் குனியணுமே. கடைசி இலை வரைக்கும் பரிமாறினார்.