விழுந்த பாம்புத்தாராக் குஞ்சு

ஜெபசெல்விக்கு இளகின மனசு. கல்லூரி விடுதியில் கால் ஒடிந்த பூனையோ, மரத்திலிருந்து விழுந்த அணிலோ, எது வந்தாலும் அவள் கட்டிலுக்கடியில்தான் குடித்தனம். வார்டன் தலையில் அடித்துக்கொள்வார். அப்பேர்ப்பட்டவளைப் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப் போனால் சும்மா வருவாளா?

விலங்கியல் மாணவிகள் பாக்கியவதி மேடத்தின் பின்னால் ஏரிக்கரையில் நடந்தார்கள். தண்ணீருக்குள்ளே கருவேல மரங்கள். மரமெல்லாம் கூடு. கொக்கும் நாரையும் பாம்புக் கழுத்து வைத்த பாம்புத்தாராவுமாக ஒரே இரைச்சல்.

அப்போது ஒரு பாம்புத்தாராக் குஞ்சு கூட்டிலிருந்து தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சு. இறக்கையை அடித்துக்கொண்டு தத்தளித்தது.

"மேடம், நான் போய் எடுத்துட்டு வர்றேன்."

"வேண்டாம்."

"செத்துப் போயிடும் மேடம்."

"போனாலும் போகலாம். நீ இறங்காதே."

இவங்களுக்கு உள்ளே இருக்கிறது மனசா கல்லா என்று ஜெபசெல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செருப்பைக் கழற்றி எறிந்தாள். மேடம் கையைப் பிடிப்பதற்குள் இறங்கிவிட்டாள். ஆழம் இடுப்பளவுதான்.

அவள் மரங்களுக்கு நடுவே போனதும் அத்தனை பறவையும் ஒரேயடியாக எழும்பின. கூடெல்லாம் காவலில்லாமல் கிடந்தன. எங்கே இருந்தனவோ, காக்கைகள் வந்து இறங்கின. அவள் தலைக்கு நேர் மேலே ஒரு காக்கை கொக்கு முட்டையை உடைத்தது. மஞ்சள் கரு அவள் தோளில் வழிந்தது. அடுத்த கூட்டிலிருந்து இன்னொரு காக்கை ஒரு குஞ்சையே தூக்கிக்கொண்டு போனது.

ஜெபசெல்வி பதறிப்போய்க் கரைக்குத் திரும்பினாள். தண்ணீர் சலசலத்தது. கூட்டுக்கு இறங்க வந்த கொக்குகள் மறுபடி மேலே போய்விட்டன.

"அசையாதே," என்று கரையிலிருந்து மேடத்தின் குரல் வந்தது. "முன்னாலயும் வராதே, பின்னாலயும் போகாதே. அப்படியே நில்லு."

"குஞ்சு பக்கத்துலதான் இருக்கு மேடம்."

"நில்லு."

மேடம் சேற்றிலேயே உட்கார்ந்தார். மற்ற பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஜெபசெல்வி நின்றாள். அட்டை காலைக் கவ்வியது. வெயில் மண்டையைப் பிளந்தது. இனி ஒரு முட்டைகூடப் போகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மேலே சுற்றிய பறவைகள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக் கூடுகளில் உட்கார்ந்தன. காக்கைகளைக் கொத்தி விரட்டின.

குஞ்சு நீந்தித் தாழ்ந்த கிளை ஒன்றை அலகால் பற்றியது. கால் வழுக்கி விழுந்தது. மறுபடி ஏறி, மறுபடி விழுந்தது. ஜெபசெல்விக்குக் கண்ணீர் கொட்டியது. துடைக்கக்கூட அவள் கையைத் தூக்கவில்லை. எத்தனையோ தடவை விழுந்தெழுந்து, குஞ்சு முள்ளுக்கிடையே தொத்தித் தொத்திக் கூட்டைப் பிடித்துவிட்டது.

பொழுது சாய்ந்து பறவைகள் அடங்கிய பிறகுதான் மேடம் கையசைத்தார். சத்தமில்லாமல் ஊர்ந்த மாதிரி அவள் கரையேறினாள். சாப்பாட்டுக் கூடையிலிருந்து உப்பை எடுத்து, மேடமே அவள் காலிலிருந்த அட்டைகளை உதிர்த்தார். திட்டவில்லை. அதுதான் ஜெபசெல்விக்குத் தாங்கவில்லை.

"நான் கெடுத்துட்டேன் மேடம். அந்த முட்டை போனதும் குஞ்சு போனதும் என்னாலதான். நான் எடுக்கப் போனது தானாவே ஏறிடுச்சு. இவ்வளவு தூரம் வந்து அதுங்களுக்கு ஒரு நல்லதுகூட நான் செய்யலயே."

மேடம் கடைசி அட்டையையும் உதிர்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏன் செய்யல? நின்னியே."