ஒரிஜினல் பிரேக்

கோயமுத்தூர் மில் முதலாளி கெங்குசாமியிடம் அறுபது வருடப் பழசான சீமை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. பழைய கார்களுக்கான ரேலி பந்தயத்துக்காக அதைப் பிரித்துப் பூட்டினாள் மெக்கானிக் மயிலாத்தாள். முதலாளியோ தினமும் பட்டறைக்கு வந்து அதட்டுவார்.

"இதபாரு அம்மணி, எல்லாமே சீமையில இருந்து வந்த ஒரிஜினலா இருக்கோணும். ஒரு சாமான் புதுசா இருந்தாலும் வண்டி வேற பட்டறைக்குப் போயிரும்!"

"ஆகட்டுங்க" என்பாள் அவள்.

வண்டி தயாராகி, மயிலாத்தாள் அதை மலைமேல் கொண்டுவந்து நிறுத்தினாள். ஓட்டிப் பார்க்க, நாலு நண்பர்களோடு கோத்தகிரி மலை உச்சிக்கே வந்துவிட்டார் முதலாளி. மீசையை முறுக்கிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

மயிலாத்தாள் கதவோரம் குனிந்தாள். "மொதலாளி, இறக்கத்துல பார்த்துப் போங்க. நீங்க சொன்னபடி பார்த்தா, பிரேக் ட்யூப்பும் அறுபது வருசத்து ரப்பராத்தானுங்களே இருக்கோணும்?"

முதலாளி கீழே தெரிந்த வளைவுகளைப் பார்த்தார். மெல்லக் கதவைத் திறந்து இறங்கினார்.

"அம்மணி... அதை மட்டும் புதுசா மாத்திரலாமே?"

நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மயிலாத்தாள் சட்டைப்பையிலிருந்து வெடித்துப்போன பழைய ட்யூப் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"போன மாசமே மாத்திட்டேனுங்க. ஒரிஜினலை நீங்களே பத்திரமா வெச்சுக்குங்க."